அப்பாவுக்கு நாற்பது சதவீதம்

அப்பாவின் சளிக் கிண்ணத்தை ஒரு நாளைக்கு மூன்று தடவை நான்தான் கழுவுகிறேன். இத்தனை மாதத்தில் ஒரு தடவைகூட எனக்குக் குமட்டியதில்லை. ஆனால் அந்தத் திங்கட்கிழமை காலை, ஆபீஸில் என் மேஜை மேல் கிடந்த ஒற்றைத் தாளைப் படித்ததும் குடலைப் புரட்டிக்கொண்டு வந்தது. கழிப்பறைக்கு ஓடிப்போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அந்தத் தாள் என் கல்யாணச் செலவுக் கணக்கு. போட்டவன் என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவன்.

நாங்கள் இருவரும் ஒரு கட்டட கான்ட்ராக்டரிடம் எஸ்டிமேட் பிரிவில் வேலை பார்க்கிறோம். வரைபடத்தைக் கொடுத்தால் எத்தனை செங்கல், எத்தனை மூட்டை சிமென்ட், எத்தனை ஆள் கூலி என்று கணக்குப் போட்டுக் கொடுப்பதுதான் பிழைப்பு. அவன் போடுவான், நான் வரி வரியாகச் சரிபார்ப்பேன். ஆணிக்குக்கூட இரண்டு தசம இடம் வரை விலை போடுகிறவன் என்பதால் சைட் ஆட்கள் அவனுக்கு டெசிமல் என்று பேர் வைத்துவிட்டார்கள். இப்போது முதலாளியே அப்படித்தான் கூப்பிடுகிறார். தனியாக இருக்கும்போது நான் வேறு மாதிரி கூப்பிடுவேன், அதை இங்கே எழுதப் போவதில்லை.

அப்பாவும் கட்டட வேலைதான். நாற்பது வருடம் தரைக்கு டைல்ஸ் ஒட்டினார். கல் அறுக்கும்போது பறக்கிற தூசி எல்லாம் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு இப்போது வெளியே வர மாட்டேன் என்கிறது. என் வீட்டு முன்னறையில் அவருக்குக் கட்டில், பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின், மூக்கில் குழாய். பகலில் ஒரு நர்ஸம்மா வந்து பார்த்துக்கொள்கிறார். மற்ற நேரம் நான்.

முப்பத்தாறு வயதில் கல்யாணம் என்று நான் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பு அரை மணி நேரம் இருமலாக நீண்டது. ஆர்ப்பாட்டம் எதுவும் வேண்டாம், பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, வந்தவர்களுக்கு டீயும் கேக்கும், அவ்வளவுதான் என்றேன். அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"சாட்சிக் கையெழுத்து நான் போடறேன் பாப்பா. அது மட்டும் வேற யாருக்கும் குடுத்துடாத."

அந்த ஒரு கையெழுத்துக்காகத்தான் இந்தக் கல்யாணத்தைக் கல்யாணமாக நான் மதித்தேன். இல்லாவிட்டால் எனக்கும் டெசிமலுக்கும் ஒரே வீட்டில் இருக்க ஒரு சாவிக்கொத்து போதும்.

எளிய கல்யாணம் என்று பேருக்குத்தான் சொல்கிறார்கள். அதற்குள் இறங்கிப் பார்த்தால்தான் நாற்றம் தெரியும். ஒரே வண்டி நிறுவனத்துக்கு இரண்டு முறை போன் செய்தேன். முதலில், நான்கு பேரை ஒரு மீட்டிங்குக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றேன். அறுபது டாலர் என்றான். அரை மணி கழித்து, கல்யாணத்துக்கு என்றேன். அதே வண்டி, அதே தெரு, அதே நான்கு பேர். நூற்றைம்பது. "ஏங்க, கல்யாணம்னா உங்க வண்டி நிறைய பெட்ரோல் குடிக்குமா?" என்று கேட்டேன். "நல்ல விஷயத்துக்கு யாராவது கணக்கு பாப்பாங்களா மேடம்?" என்கிறான், கூச்சமே இல்லாமல். பூக்கடையிலும் இதே கதை. பதிவு அலுவலகத்தில் கொடுத்த விலை அட்டையில் மோதிரம் வைக்கும் தட்டுக்குத் தனிக் கட்டணம் போட்டிருந்தது. அரசாங்கத் தட்டு. அதன் ஓரத்தில் யாரோ சூயிங்கம் ஒட்டி வைத்திருந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

அக்காவுக்கு இந்த எளிமையே பிடிக்கவில்லை. "ஒரு ஹால்கூட பிடிக்காம, என்னடி இது, கரண்ட் பில் கட்டப் போற மாதிரி" என்று தினமும் போனில் புலம்பினாள். ஹாலுக்குப் பணம் தருகிறாயா என்று கேட்டதும் அவளுக்கு அடுப்பில் ஏதோ தீய்ந்துபோகும் வாசம் வந்துவிடும்.

கணக்கை முழுசாகப் போட்டுக் கொண்டு வா என்று டெசிமலிடம் சொன்னது நான்தான். பதிவு அலுவலகத்தில் நோட்டீஸ் கொடுத்து, அதற்கான காத்திருப்பு நாட்களும் கழிந்துவிட்டன. எந்தத் தேதி காலியோ அதில் பதியலாம். பத்து வாரம் கழித்து வரும் மாதத்தில் ஆட்கள் குறைவு என்பதால் பதிவுக் கட்டணம் பாதியாம், நூற்றிருபது. இந்த மாதத்திலேயே வேண்டும் என்றால் அவசரக் கட்டணம், எழுநூற்றிருபது. டெசிமல் பத்து வாரம் தள்ளித் தேதி போட்டிருந்தான். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ஆறு மடங்கு கொட்டிக் கொடுக்க எங்களுக்கு என்ன, பணம் மரத்திலா காய்க்கிறது?

பதிமூன்று வரிகளை டிக் அடித்துக்கொண்டே வந்தேன். பதினான்காவது வரி இப்படி இருந்தது: வீல்சேர் வண்டி, மாமாவுக்கு, 180 × 0.40 = 72.00.

இது எங்கள் ஆபீஸ் வழக்கம். அஸ்திவாரம் தோண்டும்போது பாறை வரலாம், வராமலும் போகலாம். வந்தால் உடைக்க ஆயிரம் ஆகும். வருவதற்கு முப்பது சதவீத வாய்ப்பு என்று தோன்றினால் கணக்கில் முந்நூறு போடுவோம். பத்து கட்டடத்துக்கு இப்படிப் போட்டால் மொத்தத்தில் கையைக் கடிக்காது. பாறைக்குப் போடுகிற கணக்கை அவன் என் அப்பாவுக்குப் போட்டிருந்தான். பத்து வாரம் கழித்து அவர் வண்டியில் ஏற உயிரோடு இருக்க நாற்பது சதவீதம். மிச்ச அறுபதுக்கு வண்டி தேவையில்லை. எனக்குப் பத்து அப்பாக்கள் இருந்தால் மொத்தத்தில் கையைக் கடிக்காது.

அதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வரியைப் படித்ததும் நான் முதலில் செய்தது என்ன தெரியுமா? பெருக்கிப் பார்த்தேன். எழுபத்திரண்டு. சரியாக இருந்தது. சிவப்புப் பேனாவால் டிக் அடித்தேன். பக்கத்தில், 'திரும்பி வர வாடகை சேர்த்தாச்சா?' என்று எழுதினேன். எழுதி முடித்து அடுத்த வரிக்குப் போய், கேக் எத்தனை கிலோ என்று பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் என்ன படித்தோம் என்பது மண்டையில் ஏறியது. என் கையெழுத்து, சிவப்பு மையில், அப்பாவின் சாவுக்குப் பக்கத்தில் டிக். சீ என்று ஆகிவிட்டது. அவன்மேல் வந்த அருவருப்பைவிட என்மேல் வந்தது ஒரு பிடி கூடுதலாகவே இருந்தது.

டெசிமலை வரைபடச் சுருள்கள் வைக்கும் அறைக்கு இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன். தாளை அவன் மூக்குக்கு நேராக நீட்டினேன்.

"இது என்ன?"

"பதினாலாவது வரி."

"எனக்கு எண்ணத் தெரியும். எங்கப்பா என்ன, பாறையா?"

அவன் ஒரு கல்லுளிமங்கன், எனக்குத் தெரியும், ஆனால் அன்றைக்கு அந்த மௌனத்தைப் பார்க்க அருவருப்பாக இருந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். மறுபடி மாட்டினான்.

"சொல்லித் தொலை. எங்கப்பன் சாக அறுபது, பிழைக்க நாப்பதுன்னு எந்தக் கையால எழுதின? அதே கையாலதான எனக்கு மோதிரம் போடப் போற?"

"நம்பர நானா போடல. மாமாகிட்ட கேட்டேன்."

"எதை?"

"அன்னிக்கு வர முடியுமான்னு."

"கேட்டியா? மனுஷன் முகத்தப் பாத்து கேட்டியா?"

"அவர்தான் பேச்சை எடுத்தாரு. நீ மாமாகிட்டயே கேளு" என்றான். கன்னத்தில் ஒன்று விட்டால் என்ன என்று தோன்றியது. பக்கத்து அறையில் முதலாளி இருந்தார். தாளை நான்காக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

பஸ்ஸில் உட்கார்ந்து அந்த மனிதனோடு வாழ முடியாது என்று முடிவு செய்தேன். எந்தெந்த நாள் சாப்பாட்டு மேஜையில் என்னையும் பெருக்கிப் பார்த்திருப்பானோ என்று நினைக்க நினைக்க உடம்பெல்லாம் கூசியது. இறங்கும்போது முடிவு இன்னும் இறுகியிருந்தது.

வீட்டில் நர்ஸம்மாவை அனுப்பிவிட்டு அப்பா பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மெஷின் தன் பாட்டுக்கு உஸ் உஸ் என்றுகொண்டிருந்தது. சுற்றி வளைக்கத் தெம்பில்லை. தாளைப் பிரித்து அவர் மடியில் வைத்து அந்த வரியைக் காட்டினேன். அப்பா கண்ணைச் சுருக்கிப் படித்தார்.

"நாப்பதா போட்டிருக்கான்?"

"நீங்க சொன்ன நம்பர்தானாம்."

"அடப்பாவி. நான் பத்துன்னுல்ல சொன்னேன்" என்றார். உதட்டோரம் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. "பையன் முப்பது ஏத்திட்டான் பாரேன்."

ஆபீஸில் என் வேலையில் பாதி, அடுத்தவர் சொல்லும் எண்ணில் எவ்வளவு ஏற்றி வைத்திருக்கிறார்கள் என்று மோப்பம் பிடிப்பது. பெயின்ட்காரர், பிளம்பர், மின் வேலைக்காரர் எல்லோரும் ஏற்றித்தான் சொல்வார்கள். எண்ணைச் சொன்ன வேகத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். அப்பா பத்து என்று சொன்ன வேகம் எனக்குப் பிடிக்கவில்லை.

"அந்தப் பத்து எப்படி வந்துச்சுப்பா?"

"எப்படி வரும், ஒரு குத்துமதிப்புதான்."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"மருந்து மாத்திக் குடுத்திருக்காரு."

"அப்பா."

அவர் ஜன்னலைப் பார்த்தார். எதிர் வீட்டு மாடியில் யாரோ துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசித் துணிவரை பார்த்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினார்.

"மூணு வாரம். இழுத்துப் பிடிச்சா நாலு."

"எப்ப சொன்னாரு?"

"போன செவ்வாக்கிழம."

"அப்போ பத்து வாரம் கழிச்சு எப்படிப்பா பத்து பர்சன்ட் வரும்?"

"சுத்தமா ஒண்ணுமில்லன்னு எப்படிச் சொல்றது, அந்தப் பையன் மூஞ்சியப் பாத்து? அவனுக்கே கண்ணு கலங்கிப் போச்சு. சரின்னு ஒரு பத்தைப் போட்டு வச்சேன்."

அப்பாவே மேற்கொண்டு பேசினார், இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சாக. அவசரக் கட்டணம் எவ்வளவு என்று டெசிமலிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாராம். ஒரு கையெழுத்துக்கு எழுநூற்றிருபதா, அந்தக் காசுக்கு ஒரு அறைக்கே தரை போட்டுவிடலாமே என்றார். பிறகு போட்டோவைப் பற்றிச் சொன்னார். "உன் கல்யாணப் போட்டோவுல மூக்குல குழாய மாட்டிக்கிட்டு ஒரு கிழவன் எதுக்கு? பாக்கறவங்களுக்கே அருவருப்பா இருக்கும் பாப்பா." அதனால்தான் பாதிக் கட்டணத் தேதியே போதும் என்று அவரே முடிவு செய்து, என்னிடம் சொல்லக்கூடாது என்று அவனிடம் வாக்கும் வாங்கிக்கொண்டாராம்.

அருவருப்பாம். நாற்பது வருடம் ஊரான் வீட்டுத் தரையில் மண்டி போட்டுத் தேய்ந்த மனிதர், தன் மகள் கல்யாணத்தில் தன் முகத்தை ஒரு வீண் செலவாக எண்ணி அடித்திருக்கிறார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. ஆமாம், சாகக் கிடக்கிற அப்பாமேல்தான். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போய், அதைத் தேய்தேய் என்று தேய்த்தேன். அழுகை வந்தது. குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பிறகுதான் கணக்கு பிடிபட்டது. போன செவ்வாய்க்கிழமை எங்கள் ஆபீஸில் டெண்டர் கொடுக்கக் கடைசி நாள். சரிபார்க்கிறவள் என்பதால் நான் நகர முடியவில்லை. அப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போனது டெசிமல். குளியலறையிலிருந்தே அவனுக்கு போன் போட்டேன்.

"டாக்டர் சொல்லும்போது நீ உள்ள இருந்தியா?"

"இருந்தேன்."

"ஆறு நாளா தெரியும்."

"ஆமா."

"ஆறு நாளா என்கூட உக்காந்து சாப்பிட்ட. கேக் எத்தன கிலோன்னு பேசின. வாய் எதுக்கு இருக்கு உனக்கு?"

"மாமாவுக்கு வாக்கு குடுத்துட்டேன்."

"பெரிய வாக்கு."

"வாயால சொல்ல மாட்டேன்னுதான் குடுத்தேன்" என்றான். "அந்த வரியே வேணாம், எடுத்துடுன்னாரு. எடுக்கல. நீ வரிவரியா பாப்ப. பாத்தா சண்டைக்கு வருவ, வந்தா நேரா அவர்கிட்ட போவ."

நான் குளியலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்பா ஒட்டிய தரை. உலகத்தில் ஒருத்தன் தான் கட்டிக்கொள்ளப் போகிறவளுக்கு அவள் அப்பா சாகப்போகிறார் என்பதை ஒரு பெருக்கல் கணக்காக எழுதி மேஜையில் வைத்துவிட்டுப் போவானா? இவன் போவான். இதற்கு முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும்? தூ என்று துப்பத்தான் தோன்றியது. ஆனால் அவன் அந்த வரியை எடுத்திருந்தால் நான் பத்து வாரம் கேக் வெட்டும் கனவிலேயே இருந்திருப்பேன் என்பதும் தெரிந்தது. இரண்டையும் சேர்த்து விழுங்க வேண்டியிருந்தது.

"வெக்கமா இல்ல?" என்றேன்.

"இருக்கு."

"நாளைக்கு எட்டரைக்கு பதிவு ஆபீஸ் வாசல்ல நில்லு. அடையாள அட்டை எடுத்துட்டு வா. உன்ன மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காத. வேற ஆளத் தேட நேரமில்ல, அதான்."

"சரி" என்றான்.

செவ்வாய் காலை கவுன்டரில் இருந்த அம்மாள் அவசரப் படிவத்தைப் பார்த்தாள், அப்புறம் என் வயிற்றைப் பார்த்தாள். "என்ன அவ்வளவு அவசரம்?" என்று இழுத்தாள். பக்கத்து நாற்காலிக்காரனும் எட்டிப் பார்த்துப் பல்லைக் காட்டினான். அந்தப் பார்வையை அப்படியே வழித்து அவர்கள் முகத்திலேயே பூசலாம் போல இருந்தது. "எங்கப்பா சாகப் போறாரு. அதுக்கு ஏதாவது ஃபாரம் தனியா இருக்கா?" என்றேன். அவள் குனிந்து முத்திரையைத் தேடினாள். வியாழன், பதினொன்று நாற்பது. எங்களுக்கு ஒதுக்கியது பன்னிரண்டு நிமிடம். டெசிமல் எழுநூற்றிருபதை எண்ணி வைத்தான். எதுவும் பேசவில்லை. நானும் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை.

வியாழக்கிழமை எங்களுக்கு முன்னால் கல்யாணம் செய்துகொண்ட கூட்டம் காகிதத் துணுக்குகளை அறை முழுக்கக் கொட்டிவிட்டுப் போயிருந்தது. யாரும் பெருக்கவில்லை. அதன்மேல்தான் அப்பாவின் வீல்சேரைத் தள்ளிக்கொண்டு போனோம். அக்கா ஒரு கையால் ஆக்ஸிஜன் சிலிண்டரைப் பிடித்தபடி, இன்னொரு கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நாற்காலி உறைகளில் யாரோ குடித்த காபியின் கறை. பதிவாளர் எங்களைப் பார்ப்பதற்கு முன் கடிகாரத்தைப் பார்த்தார்.

போட்டோ எடுக்கும்போது அப்பா குழாயைக் கழற்றப் போனார். கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒரு நிமிஷம்தான் பாப்பா."

"அப்படியே இருங்க. கழட்டினா நான் இந்தக் கையெழுத்தப் போட மாட்டேன்."

பதிவாளர் வேகவேகமாக வாசித்தார். சம்மதமா என்று கேட்டார். டெசிமல் சம்மதம் என்றான். நான் அவனைப் பார்த்தேன், இரண்டு நாளில் முதல் தடவையாக. கண் வீங்கியிருந்தது, சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. எனக்கு இன்னும் கோபம் போகவில்லை. சம்மதம் என்றேன்.

அப்பாவின் முறை வந்தது. பேனாவைப் பிடிக்கவே நேரம் ஆனது. முதல் எழுத்து போட்டதும் மூச்சு வாங்கியது. நிறுத்தினார். பதிவாளர் தொண்டையைச் செருமி, "அடுத்தவங்க வெளிய நிக்கறாங்க, நேரம் தாண்டினா இன்னொரு கட்டணம் வரும்" என்றார், அப்பாவுக்குக் கேட்கும்படியாக. அந்தக் குரலைக் கேட்டு எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் டெசிமல் மேஜை ஓரமாகப் போய்ப் பணத்தை வைத்துவிட்டு வந்தான். அப்பா அதைக் கவனிக்கவில்லை. நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, டைல்ஸ் மூலைக்கு மூலை சேர்க்கும்போது வைத்துக்கொள்ளும் அதே முகத்தோடு, முழுப் பேரையும் எழுதி முடித்தார். அடியில் ஒரு கோடும் இழுத்தார்.

பேனாவை வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். அறையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு டெசிமலைப் பக்கத்தில் வரச் சொன்னார்.

"மொத்தம் எவ்வளவு ஆச்சு தம்பி?"

"நூத்தி இருபது மாமா."

"அவசரத்துக்குன்னு கூடுதலா ஏதோ..."

"காலியா ஒரு நேரம் இருந்துச்சாம். பாதிக் கட்டணத்துக்கே குடுத்துட்டாங்க."

அப்பா அவனை நம்பினாரா என்று தெரியவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"நீ பாத்தியா பாப்பா? கணக்கு சரியா இருக்கா?"

டெசிமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவன் பக்கத்தில் போய் நின்றேன்.

"பாத்தேன்ப்பா" என்றேன். "சரியா இருக்கு."